மணிக்கட்டில் ஒரு துறைமுகம்

‘ஓஷன்’, ‘மரைன்’, ‘அக்வா’, ‘நீலக்கடல்’... சென்ட் கடைகளில் கடலின் பெயரைத் தாங்கிய குப்பிகளுக்கு இப்போது பஞ்சமே இல்லை. அட்டைப்பெட்டியில் அலை அடிக்கும். மூடி நீலமாக இருக்கும். திறந்து முகர்ந்தால் ஏலக்காய், கிராம்பு, சந்தனக்கட்டை, நடுவில் எங்கோ ஈரமாக ஏதோ ஒன்று. கடலில் கிராம்பு விளைகிறதா என்ன? கடலுக்கு அடியில் சந்தன மரம் நிற்கிறதா?

இதற்குப் பதில் தேட தூத்துக்குடியை விட்டால் வேறு ஊர் எனக்குத் தோன்றவில்லை. முத்து, சங்கு, உப்பு, மீன், கப்பல் என்று கடலை நம்பியே வளர்ந்த ஊர். அங்கிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் அத்தர் மணக்கும் காயல்பட்டினம். ஒரு நாள் முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு அல்ல, மூக்கை நம்பிக்கொண்டு இந்தக் கரையில் அலைந்தேன்.

காலையில் பழைய துறைமுகம் பக்கம். உள்ளே போக அனுமதி வேண்டும். பீச் ரோட்டில் நின்றாலே மூக்குக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. தூத்துக்குடித் தோணி என்பது மரத்தில் கட்டிய சரக்குக் கப்பல். பாய்மரத்தோடு ஓடியது, பிறகு இன்ஜின் பூட்டிக்கொண்டது. இன்றும் இங்கிருந்து மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருட்கள் என்று ஏற்றிக்கொண்டு போகிறது. வெயிலில் காய்ந்த பலகை, டீசல், கயிறு, சாக்கு, வெங்காயச் சருகு, அதற்கு மேலே உப்புக் காற்று. கூடவே ஒரு மீன் எண்ணெய் நெடி. அந்தக் காலத்தில் மரக்கலங்களின் பலகைகளுக்கு மீன் எண்ணெய் தடவுவார்கள், தண்ணீர் இறங்காமல் இருக்க.

“என்ன தாயி, மோந்து மோந்து பாக்கிய?” என்று கேட்டார் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

“கடல் வாசம் எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன், அண்ணாச்சி.”

“இது கடல் வாசமா? இது சரக்கு வாசம்லா!”

அந்த ஒரு வார்த்தையை அன்று முழுக்கச் சுமந்துகொண்டு திரிந்தேன். 1974-இல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட வ.உ.சி. துறைமுகத்தின் பக்கம் போனால் இன்னும் தெளிவாகப் புரியும். வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் மரத்தடிகள் லாரி லாரியாக நகர்கின்றன. மர அறுவை மில்களைக் கடக்கும்போது ஈரமான மரத்தூள் வாசம் ஜன்னல் வழியாக ஏறுகிறது. கடலும் மரமும் ஒரே மூச்சில் உள்ளே போகின்றன.

இது புதிதும் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைப் பாடும் ‘பட்டினப்பாலை’, அங்கு வந்து குவியும் சரக்குகளைச் சொல்லும்போது மேற்கு மலையின் சந்தனத்தையும் அகிலையும், தென்கடலின் முத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. மிளகும் வருகிறது. நறுமணச் சரக்கும் கடல் சரக்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்த இடம் துறைமுகம். கிராம்பும் கட்டையும் உப்பும் கலந்த அந்தக் குப்பியின் செய்முறை இரண்டாயிரம் ஆண்டுகளாக இங்கே ரோட்டில்தான் கிடக்கிறது.

சரி, சரக்கை நீக்கிவிட்டு, கடலை மட்டும் முகர்ந்தால்?

முத்துக்குளித்துறையில் இந்தக் கேள்விக்கு ஒரு பயங்கரமான பதில் இருக்கிறது. முத்து என்றதும் நமக்கு வெண்மையும் குளிர்ச்சியும் நினைவுக்கு வரும். முத்து எடுத்த கரையின் வாசனை நேர் எதிர். இங்கே முத்துக் குளிக்கும் பருவத்துக்குச் ‘சலாபம்’ என்று பெயர். கடலடியில் சிப்பிகள் ஒட்டிக் கிடக்கும் பாறைத் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்குகிறவர்கள், ஒரு நிமிடம் போல அடியில் இருந்து சிப்பிகளை அள்ளி வருவார்கள். சுறாக்களின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் ‘கடல்கட்டி’ ஒருவரும் உண்டு. ஏலத்தில் எடுத்த சிப்பிகளை ஒவ்வொன்றாகப் பிளந்து பார்ப்பது ஆகாத காரியம். லட்சக்கணக்கில் கிடக்கும். அதனால் வேலி அடைத்த கொட்டிலில் குவித்து, சதை அழுகிப் புழுத்துப் போகும்வரை நாள்கணக்கில் விட்டுவிடுவார்கள். பிறகு கடல்நீரில் அலசினால் அடியில் முத்து தங்கும். சலாபக் காலத்தில் இந்த நாற்றம் காற்றில் வெகுதூரம் போனதாகப் பழைய குறிப்புகள் எல்லாமே புலம்புகின்றன. ராணிகளின் கழுத்தில் ஏறியவை அத்தனையும் அந்த ஈ மொய்த்த கொட்டிலில் இருந்து வந்தவை.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. பாரில் சிப்பி வற்றிப்போயிற்று. பிறகு 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் அந்தப் பழைய சலாபக் கூட்டம் திரும்பவில்லை.

சங்கு மட்டும் இன்னும் எடுக்கிறார்கள். வங்காளத்துப் பெண்களின் கல்யாண வளையலுக்கு இந்தக் கடலின் சங்குதான் நெடுங்காலமாகப் போகிறது. சங்குக்குள் இருக்கும் உயிர், ஆபத்து வந்தால் உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ளும். அந்தக் கதவு நகம் மாதிரி இருக்கும், பழுப்பாக, தடியாக. இது ஊதுவத்திக்கும் சாம்பிராணிக் கலவைக்கும் சரக்காகப் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. சும்மா முகர்ந்தால் கருவாட்டின் ஒன்றுவிட்ட சகோதரன். நெருப்பில் சுட்டால் புகையும் தோலும் கலந்த மாதிரி ஒரு மணம் வருகிறது. மற்ற மணங்களைப் பிடித்து நிறுத்திவைக்கும் குணமும் அதற்கு உண்டு. உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜில் இப்படிக் கடல் ஓடுகளைச் சுட்டு வடித்து எடுக்கும் எண்ணெய்க்கு ‘சோயா நக்’ என்றே பெயர். நக் என்றால் நகம்தான். காய்ந்த மண்ணில் மழை விழும் வாசனையையே ‘மிட்டி அத்தர்’ என்று குப்பியில் அடைத்த ஊர் அது. கடலை அடைக்கவும் ஒரு கை பார்த்திருக்கிறார்கள்.

மதியம் திருச்செந்தூர் பஸ். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளைக் குவியல்களுக்கு வாசனை என்று எதுவும் இல்லை, தொண்டையில்தான் தெரிகிறது. பழையகாயலைக் கடந்து ஆத்தூர் வந்ததும் காற்று சட்டென்று மாறுகிறது. தாமிரபரணிப் பாசனம், வாழை, வெற்றிலைக் கொடிக்கால். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் கூடுதலான வெற்றிலை. ஒரு வெற்றிலையைக் கிழித்து முகர்ந்து பாருங்கள், லேசாகக் கிராம்பு அடிக்கும். மூக்கின் பிரமை இல்லை. கிராம்புக்கு அந்த மணத்தைத் தரும் யூஜினால் என்ற பொருள் வெற்றிலை எண்ணெயிலும் உண்டு.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ ‘காயல்’ என்ற பெரிய துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அது இன்றைய பழையகாயல் என்பது ஆய்வாளர்கள் கருத்து. குதிரை வியாபாரத்தைச் சொன்ன கையோடு அவர் எழுதுவது, ஊரார் எந்நேரமும் வாயில் ஓர் இலையைப் போட்டு மென்றுகொண்டே இருக்கிறார்கள் என்பது. பணக்காரர்கள் அதில் கற்பூரமும் வாசனைச் சரக்குகளும் சேர்ப்பார்களாம். வெனிஸ்காரரின் மூக்குக்கு இந்தக் கரையில் முதலில் எட்டியது அலை வாசமாக இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

காயல்பட்டினம் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. கொழும்பு, ஹாங்காங், ஜெய்ப்பூர் என்று ரத்தினக்கல் வியாபாரத்துக்குப் போன குடும்பங்களின் ஊர். வீடுகளுக்கு நடுவே பெண்கள் நடந்துபோகவென்று விடப்பட்ட குறுகலான முடுக்குகள். வெள்ளிக்கிழமையும் பெருநாளும் கல்யாணமும் அத்தர் இல்லாமல் நடக்காது. சின்னப் பஞ்சில் ஒரு துளி தொட்டு, காது மடலின் உள்மடிப்பில் செருகிக்கொள்ளும் பெரியவர்களை இங்கே இன்னும் பார்க்கலாம். அத்தரில் ஆல்கஹால் இல்லை, எண்ணெய்தான். ஸ்ப்ரே மாதிரி அடித்த நிமிடம் அறை முழுக்கப் பரவாது. பக்கத்தில் வந்தால்தான் தெரியும். ஆனால் போகவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

கடை சின்னதுதான். கண்ணாடி அலமாரியில் மஜ்மூவா, ஷமாமா, ஊத், கஸ்தூரி, ரோஜா என்று வரிசை. “கடல் வாசம் மாதிரி ஏதாவது இருக்கா, காக்கா?” என்றேன். (காயலில் அண்ணனுக்குக் காக்கா.) அவர் சிரித்துக்கொண்டே பச்சை கலந்த நீலத்தில் ஒரு குப்பியை எடுத்தார். முதலில் காகித அட்டையில் ஒரு கோடு. பிறகு, “கையைக் காட்டும்மா” என்று கண்ணாடிக் குச்சியால் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு கோடு.

“இதுல நிஜச் சந்தனத் தைலம் எல்லாம் இருக்காது. அது இருந்தா இந்த விலைக்குத் தர முடியுமா? எல்லாம் கலவை. ஆனா நல்ல கலவை. இங்கேயே நின்னு முடிவு பண்ணாதே. போய் ஒரு மணி நேரம் நடந்துட்டு வா.”

மறைக்காமல் சொன்னதே பிடித்திருந்தது. அத்தர் இன்னும் தோலாக் கணக்கில்தான் விற்கிறது. ஒரு தோலா சுமார் 11.66 கிராம். உண்மையான சந்தனத் தைலத்தில் இறக்கிய அத்தரின் தோலா விலையைக் கேட்டால் நாம் வாசனையை மறந்துவிடுவோம்.

முதல் பத்து நிமிடம் எலுமிச்சைத் தோலும் ஏலக்காயும்தான். பாயசம் இறக்கிவைத்த அடுப்படி மாதிரி. கூர்மையான சின்ன மூலக்கூறுகள் இவை, சூடு பட்டதும் முதலில் பறந்துபோகிறவை. பாட்டிலை முகர்ந்து வாங்குகிறவர்கள் இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

கடற்கரையை நோக்கி நடந்தேன். அரை மணி நேரத்தில் எலுமிச்சை போயே போய்விட்டது. கிராம்பும் பட்டையும் மேலே வந்தன. கூடவே அந்த ஈரம். குளிர்ந்த, லேசாக உப்பு மாதிரி, கொஞ்சம் தித்திப்பு. எங்கேயோ தெரிந்த வாசனை. தர்பூசணி! வெள்ளைப் பகுதிவரை கடித்துவிட்ட தர்பூசணித் துண்டு.

இதுதான் குப்பிக் கடலின் ரகசியம். 1966-இல் ஃபைசர் என்ற மருந்து நிறுவனத்தில் வேறு ஆராய்ச்சி நடக்கும்போது கிடைத்தது ‘கலோன்’ என்ற செயற்கைப் பொருள். முகர்ந்தால் தர்பூசணியும் சிப்பியும் கடற்காற்றும் சேர்ந்த மாதிரி இருக்கும். பல வருஷம் சீந்துவாரில்லாமல் கிடந்து, 1990-களில் உலகம் முழுக்க ‘கடல்’ சென்ட்டுகளின் அலையையே கிளப்பியது. நிஜக் கடலின் வாசனைக்கு வேறு காரணம். மிதக்கும் நுண்பாசிகளிலிருந்து கிளம்பும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகப் பொருள் அதில் முக்கியமானது. வேகவைத்த முட்டைக்கோஸிலும் இதே பொருள்தான். முட்டைக்கோஸ் மணக்கும் சென்ட்டை யார் வாங்குவார்கள்? அதனால் தர்பூசணி.

ஒரு மணி நேரம் கழித்து அட்டையையும் மணிக்கட்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தேன். அட்டையில் இன்னும் ஏலக்காய் மிச்சம் இருந்தது, கடையில் முகர்ந்த அதே வாசனை அடக்கமாக. கையில் அது வேறு பிறவி எடுத்திருந்தது. உடம்புச் சூடும் தோலின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் சேர்ந்து காரத்தைக் கீழே தள்ளி மரத்தை மேலே கொண்டுவந்திருந்தன. சந்தனம் என்று சொல்லிவிட முடியாது. பென்சில் சீவிய தூள், வெட்டிவேர், பழைய மரப்பெட்டிக்குள் மடித்துவைத்த பட்டுச்சேலை. காய்ந்த தோலில் எண்ணெய் சீக்கிரம் அடங்கிவிடும், பிசுபிசுப்பான தோலில் நெடுநேரம் நிற்கும். தூத்துக்குடிக் கடற்கரைப் புழுக்கத்தில் ஒரு துளி, ஏசி ஆபீஸில் மூன்று துளிக்குச் சமம். தோழிக்கு நன்றாக இருந்ததே என்று அதே குப்பியை வாங்கி ஏமாறுவது இதனால்தான்.

ஐந்து மணிக்கு மேல் இன்னொன்று எட்டிப்பார்த்தது. வெதுவெதுப்பாக, உப்பு காய்ந்த தோல் மாதிரி, ஒரு துளி இனிப்போடு. காரம், மரம் எல்லாம் அடங்கியபின் கடைசிவரை நிற்பது இதுதான். அம்பர். இதற்கு மட்டும்தான் கடலோடு உண்மையான ரத்த சம்பந்தம்.

நம் பழைய நூல்கள் கடல்படு திரவியம் ஐந்து என்று ஒரு கணக்குச் சொல்லும். முத்து, பவளம், சங்கு, உப்பு, ஐந்தாவது ஓர்க்கோலை. முதல் நான்கு எல்லோருக்கும் தெரியும். ஓர்க்கோலை என்பது அம்பர். சித்த மருத்துவத்தில் மீனம்பர். ஸ்பெர்ம் திமிங்கலம் கணவாயைத் தின்கிறது. கணவாயின் அலகு செரிக்காமல் குடலை உறுத்த, அதைச் சுற்றிச் சுரந்து கட்டியாவதுதான் அம்பர். ‘திமிங்கல வாந்தி’ என்று செய்திகளில் வருவதைப் படித்து முகம் சுளிக்க வேண்டாம். உருவாகும் இடம் குடல் என்பதால் வெளியேறும் வழியும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் (இப்போது வேண்டுமானால் சுளிக்கலாம்). புதிதாக இருக்கும்போது கறுப்பாக, தாங்கமுடியாத நெடி. ஆண்டுக்கணக்கில் உப்புநீரிலும் வெயிலிலும் மிதந்து மிதந்து சாம்பல் நிறமாகி, அந்த வெதுவெதுப்பான மணத்துக்கு வந்துசேர்கிறது.

இந்தியாவில் ஸ்பெர்ம் திமிங்கலம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட உயிர். அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. ஆனால் கிலோவுக்குக் கோடி என்ற பேச்சு இந்தக் கரை முழுக்க ஓடுகிறது. 2023 மே மாதம் தூத்துக்குடி துறைமுகக் கடற்கரை அருகே வருவாய்ப் புலனாய்வுத் துறை 18.1 கிலோ அம்பரைப் பிடித்தது. மதிப்பு 31.67 கோடி ரூபாய் என்றார்கள்; இலங்கைக்குக் கடத்தவிருந்ததாம். அந்தக் கோடிகள் கடலுக்குப் போய்வருகிறவரின் கைக்கு ஒருநாளும் வராது, கேஸ் மட்டும் வரும். சென்ட் தொழிலுக்கோ இப்போது திமிங்கலமே தேவையில்லை. கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு அதே மணத்தை ஆலையில் செய்துவிடுகிறார்கள். என் கையில் மணந்ததும் அந்தச் செடி அம்பராகத்தான் இருக்க வேண்டும்.

திரும்பிப்போய்க் கால் தோலா வாங்கினேன். காக்கா இலவசமாகக் கொடுத்த யோசனைகள்: குளித்துத் துவட்டிய உடம்பில் ஒரே ஒரு துளி போதும். கிராம்பு, பட்டை சேர்ந்த எண்ணெய் சிலருக்கு அரிக்கும். முழங்கையின் உள்பக்கம் தடவி ஒருநாள் பார்த்துவிட்டுத்தான் கழுத்துக்குப் போக வேண்டும். எலுமிச்சை வகை சேர்ந்ததைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கறுக்கலாம். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம், சட்டையின் ஓரத்தில் தொட்டுவிட்டால் போதும். கால் மணி நேரத்தில் நம் மூக்குக்கு நம் வாசனை பழகிவிடும், போய்விட்டதென்று நினைத்து மேலே மேலே பூசினால் பக்கத்து சீட்காரர் பாவம்.

பக்கத்து சீட் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. 2021 டிசம்பரில், இதே தென்கரையில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் கதறிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலமைச்சரே கண்டித்தார். பேருந்து ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தோலில் கடல் மணக்க வேண்டும் என்று நாம் குப்பி வாங்குகிறோம். தோலில் நிஜமாகவே கடல் இருக்கிறவர்களைப் பஸ்ஸில் ஏற்ற யோசிக்கிறோம்.

காயல்பட்டினத்தின் ஓரத்தில் கொம்புத்துறை, மீனவர் குடியிருப்பு. பொழுது சாயும் நேரம் ஓர் அம்மா அலுமினியப் பாத்திரத்தைக் கவிழ்த்துப்போட்டு, கையில் புளியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். மீன் கவிச்சிக்குப் புளிதான் மருந்து. கவிச்சிக்குக் காரணமான அமீனைப் புளியின் அமிலம் அமுக்கிவிடும் என்று வேதியியல் சொல்வதை இந்தக் கைகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன.

“தேய்ச்சாப் போயிருமா, அக்கா?”

“எங்க போவும்? போனாலும் காலைல திரும்ப வந்துரும்லா. எம்புள்ள பள்ளிக்கூடத்துக்குப் போவும்போது தனி சோப்பு. எங்க சோப்பத் தொட மாட்டா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் மணிக்கட்டை நீட்டினேன். “இது என்ன வாசம்னு சொல்லுங்க பாப்போம்.”

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் விரல் நுனியை மட்டும் பிடித்து முகர்ந்தார். இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு.

“கல்யாண வீட்டு வாசம். சந்தனக் கும்பா வெச்சிருப்பாவல்லா, அந்தப் பக்கம் நின்ன மாரி இருக்கு.”

“கடல் வாசம்னு சொல்லி வித்தாங்கக்கா.”

“கடலா?” அவர் என்னைப் பார்த்தார், பிறகு எதிரே இருந்த கடலைப் பார்த்தார். “யாரு தாயி சொன்னா? எவ்வளவு குடுத்த?”

விலையைச் சொன்னேன்.

“அந்தக் காசுக்கு ஒரு வாரத்துக்குச் சாளை வாங்கித் திங்கலாமே!” என்றவர், போவதற்கு முன் இன்னொரு முறை கையைக் கேட்டார். குப்பியைத் திறந்து ஒரு துளி வைக்கப்போனேன். “கைல வேண்டாம், மீனு தொடணும்” என்று காது மடலைக் காட்டினார்.